கட்டியங்காரனைக் காணோம்!

இரவு ஒன்பதரை மணிக்கு போளூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். எட்டரைக்குச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிற மனிதர் அவர். அந்த நேரத்தில் அவர் பெயர் செல்போனில் ஒளிர்ந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஏம்பா... பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல சித்தப்பா. சொல்லுங்க. சித்திக்கு ஏதாவது..."

"அவ நல்லாத்தான் இருக்கா. மெதுவாப் பேசு. கம்ப்யூட்டரை போலீஸ்காரங்க பூட்டிட்டாங்கப்பா."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயத்தைச் சொன்னார். நிலத்துக்குப் பட்டா நகல் எடுக்க இன்டர்நெட்டில் தேடியிருக்கிறார். முதலில் வந்த எதையோ க்ளிக் செய்திருக்கிறார். அவ்வளவுதான். திரை முழுக்க சிங்க முத்திரை. ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்து. சைரன் சத்தம். ஆபாசப் பக்கங்களைப் பார்த்த குற்றத்துக்காக இந்தக் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டிருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் அபராதம் கட்டாவிட்டால் கைது. கார்டு நம்பரை இங்கே எழுதவும்.

"நான் அப்படியெல்லாம் எதையும் பாக்கலைப்பா" என்றார். அதை மூன்று தடவை சொன்னார். வாத்தியாராக முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவர், அண்ணன் பிள்ளையிடம் அப்படிச் சொல்லவேண்டி வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார்டு நம்பரில் பன்னிரண்டு இலக்கம் அடித்தாகிவிட்டதாம். கடைசி நான்கு தேய்ந்திருந்ததால் பூதக்கண்ணாடி தேடப் போயிருக்கிறார். போன வழியில்தான் எனக்கு ஒரு போன் போடலாம் என்று தோன்றியிருக்கிறது.

"சித்தப்பா, கீபோர்டுல இடது பக்கம், மேல மூலையில 'எஸ்க்'னு ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துங்க."

"அழுத்திட்டேன். ஒண்ணும் ஆகலையே?"

"விடாதீங்க. அப்படியே அழுத்திப் பிடிங்க. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க."

இரண்டு வினாடி மௌனம். பிறகு, "அட!"

சிங்கம் சுருங்கிப் போய்விட்டது. திரையின் மேல்பகுதியில் பிரவுசரின் பட்டைகள் எட்டிப்பார்த்தன. அட்ரஸ் பாரில் இருந்த பெயரைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். வாயில் நுழையாத, எந்த மொழியிலும் பொருளில்லாத ஒரு பெயர். போலீஸுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

கம்ப்யூட்டரை யாரும் பூட்டவில்லை. வைரஸும் இல்லை. ஒரு இணையப் பக்கம், "நான் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளலாமா?" என்று பிரவுசரைக் கேட்டிருக்கிறது. பிரவுசரும், "தாராளமாக!" என்று வழிவிட்டிருக்கிறது. நடந்தது இது மட்டும்தான்.

சரி, இந்த 'தாராளமாக'வை யார், எப்போது, எதற்காகக் கொடுத்தார்கள்? எங்கிருந்தோ வருகிற ஒரு பக்கத்துக்கு, நம் வீட்டுத் திரையை நாலு மூலையும் மறைத்துக்கொள்ளும் உரிமை எப்படி வந்தது? அது ஒரு முப்பது வருஷக் கதை. அடிதடி, பேரம், சமாதானம் எல்லாம் உண்டு.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். போளூர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற வழி. காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். ஊரை ஒட்டி சம்பத்கிரி, மேலே நரசிம்மர் கோயில். மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூருக்கு இங்கிருந்துதான் மலையேற வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க தெருக்கூத்துப் பூமி. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்துதான்.

கூத்து பார்த்திருக்கிறீர்களா? ராஜா வேஷம் நேரே மேடைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணித்திரையை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று ஆடுவார். கிரீடமும் சலங்கைச் சத்தமும்தான் நமக்குத் தெரியும். திரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் நிற்பார். கட்டியங்காரன். வந்திருப்பது யார், எந்த நாட்டு ராஜா என்று கேட்டு வாங்கிச் சபைக்குச் சொல்லவேண்டியது அவர் வேலை. நடுநடுவே ராஜாவையே கிண்டலும் செய்வார். அவர் சொன்ன பிறகுதான் வந்தது துரியோதனன் என்று நமக்கு உறுதி.

பிரவுசரில் அந்த வேலையைச் செய்வது அட்ரஸ் பார். பக்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் எந்த வேஷமும் போடலாம். பேங்க் மாதிரி, போலீஸ் மாதிரி, பிரதமர் அலுவலகம் மாதிரி. ஆனால், மேலே இருக்கும் அந்தப் பட்டையில் மட்டும் பக்கம் கை வைக்க முடியாது. அது பிரவுசரின் சொத்து. வந்திருப்பவன் எந்த ஊர்க்காரன் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

முழுத்திரை என்றால் என்ன? கட்டியங்காரனை மேடையை விட்டு இறக்கிவிடுவது!

இப்போது கதைக்கு வருவோம்.

1990-ல் டிம் பெர்னர்ஸ் லீ ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முதல் பிரவுசரை எழுதினார். 1993-ல் மொசைக். 1994-ல் நெட்ஸ்கேப். அப்போதெல்லாம் இணையப் பக்கம் என்பது படிக்கிற சமாசாரம். முழுத் திரை யாருக்கு வேண்டும்? நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான், வி.எஸ்.என்.எல். புண்ணியத்தில். டயல் செய்து, மோடம் கரகரவென்று கத்தி, ஒரு படம் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம்.

1997-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 வந்தது. நெட்ஸ்கேப்பை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு செய்த சரக்கு. அதில் எஃப்11 விசையை அழுத்தினால் பக்கம் திரை முழுக்க விரியும். இதில் தப்பில்லை. அழுத்துவது நீங்கள்.

ஆனால், அதோடு நிற்கவில்லை. பக்கம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு சாவி கொடுத்தார்கள். நிரலில் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், புது ஜன்னல் ஒன்று பட்டையில்லாமல், சட்டமில்லாமல், மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறி கூட இல்லாமல், திரை முழுக்கத் திறந்துகொள்ளும். உங்களை ஒரு வார்த்தை கேட்காது. நம் வீட்டுக் கதவை நாம் திறப்பது வேறு. தெருவில் போகிறவன் திறந்துகொண்டு வந்து, நடுக்கூடத்தில் படுத்துக்கொள்வது வேறு அல்லவா?

2000-க்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். ரிசல்ட் பார்க்கப் போனால் ஒரு சூதாட்ட விளம்பரம் திரையை மூடும். அதை மூடினால் இன்னொன்று. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். மணிக்கு இத்தனை ரூபாய் என்று மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் சென்டர் பையன் வந்து, மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடுவான்.

மைக்ரோசாஃப்ட்டுக்கு ஞானம் பிறக்க ஏழு வருஷம் ஆனது. 2004 ஆகஸ்ட்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு பெரிய திருத்தம் வெளியிட்டார்கள். அதில் பாப்-அப் ஜன்னல்களுக்குத் தடை வந்தது. பக்கம் தானாகத் திறக்கிற எந்த ஜன்னலும் தலைப்புப் பட்டையையும் அடிப்பட்டையையும் மறைக்கக்கூடாது என்ற விதியும் வந்தது. 1997-ல் கொடுத்த சாவியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. காரணம், யூட்யூப்.

2005-ல் யூட்யூப் பிறந்தது. அதுவரை படிக்கிற பொருளாக இருந்த இணையம், பார்க்கிற பொருளாக மாறியது. தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் எத்தனை நாள் சினிமா பார்ப்பது? பெரிசு பண்ணு, பெரிசு பண்ணு என்று ஜனங்கள் கேட்டார்கள். அன்றைக்கு இணைய வீடியோ என்றால் ஃப்ளாஷ்தான். அதை வைத்திருந்த அடோபி நிறுவனம், 2006 கடைசியில் ஃப்ளாஷ் 9-ல் முழுத்திரை வசதியைக் கொடுத்தது. ஆனால், 1997-ன் கூத்தைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள் அவர்கள். மூன்று நிபந்தனை போட்டார்கள்.

பக்கம் தானாக விரியக்கூடாது. பார்க்கிறவர் க்ளிக் செய்தால்தான் விரியவேண்டும். விரிந்த உடனே 'வெளியேற எஸ்கேப் விசையை அழுத்தவும்' என்று ஒரு வரி திரையில் தோன்ற வேண்டும். மூன்றாவதுதான் அபாரம்: முழுத்திரையில் இருக்கும்வரை கீபோர்டு வேலை செய்யாது. எஸ்கேப்பைத் தவிர.

அடோபியின் கணக்கு இது: முழுத்திரையை வைத்துக்கொண்டு திருடன் பேங்க் மாதிரியே ஒரு பக்கத்தை வரையட்டும். பாஸ்வேர்டு கட்டத்தையும் வரையட்டும். நீங்கள் அதில் ஒரு எழுத்து கூட அடிக்க முடியாதே! வேஷம் பலிக்கும், வசூல் நடக்காது. இந்த முப்பது வருஷத்தில் முழுத்திரைக்கு யாராவது போட்ட பூட்டுகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். படம் பார்க்கிறவனுக்குக் கீபோர்டு எதற்கு?

ஆனால், விளையாட்டு எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அம்புக்குறி விசைகளையாவது விடுங்கள் என்றார்கள். விட்டார்கள். ஸ்பேஸ் பாரும் வேண்டும் என்றார்கள். விட்டார்கள். 2012-ல் அனுமதி கேட்டுவிட்டு மொத்தக் கீபோர்டையும் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நியாயமான காரணம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதற்குள் ஃப்ளாஷுக்கே நாள் குறித்தாகிவிட்டது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃப்ளாஷுக்கு இடமில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். பிரவுசர் தானே வீடியோ காட்டும், தனி மென்பொருள் தேவையில்லை என்கிற ஹெச்.டி.எம்.எல்.5 யுகம் தொடங்கியது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஹெச்.டி.எம்.எல்.5 விதிகளின் ஆரம்ப வரைவுகளில், பக்கங்கள் கேட்டுப் பெறும்படியான முழுத்திரை வசதியைப் பிரவுசர்கள் தரக்கூடாது என்றே எழுதி வைத்திருந்தார்கள். காரணமும் சொல்லியிருந்தார்கள்: சாமர்த்தியமாக எடுத்த ஒரு வீடியோவைத் திரை முழுக்க ஓட்டி, கம்ப்யூட்டரே பாஸ்வேர்டு கேட்பது போல ஏமாற்றிவிடலாம். சித்தப்பாவுக்கு நடந்த அதே ஜோடனையை ஆள் வைத்து எழுதின மாதிரி முன்கூட்டியே எழுதியிருக்கிறார்கள்!

ஆனால், ஃப்ளாஷ் செய்கிற ஒரு காரியத்தைப் புது இணையத்தால் செய்ய முடியாது என்றால், ஃப்ளாஷை யார் விடுவார்கள்? எனவே பேரம் மறுபடி ஆரம்பித்தது. 2010-ல் மோசில்லா நிறுவனத்தின் ராபர்ட் ஓ'கல்லஹன், நியூசிலாந்துக்காரர், ஒரு திட்டம் வகுத்தார். வீடியோ மட்டுமல்ல, பக்கத்தின் எந்தப் பகுதியையும் முழுத்திரை ஆக்கலாம். பயனாளி க்ளிக் செய்திருக்க வேண்டும். அறிவிப்பு வர வேண்டும். எஸ்கேப் எப்போதும் வேலை செய்யவேண்டும். அவருடைய சகா கிறிஸ் பியர்ஸ் அதை ஃபயர்ஃபாக்ஸில் எழுதிச் சேர்த்தார்.

ஆப்பிளின் சஃபாரி 5.1, 2011 ஜூலையில் முந்திக்கொண்டது. அக்டோபரில் கூகுள் குரோம் 15. 2012 ஜனவரி கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் 10. ஆளுக்கொரு பெயரில் கட்டளையை எழுதி வைத்தார்கள். 'ஸ்க்ரீன்' என்பதன் முதல் எழுத்தை ஒருத்தர் பெரிய எழுத்தில் எழுத, தரநிர்ணயக்காரர்கள் சின்ன எழுத்துதான் சரி என்றார்கள். அந்த ஒரு 'எஸ்'ஸால் உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் ஒரே கட்டளையை நாலு விதமாக எழுதினார்கள். சஃபாரி முன்னொட்டில்லாத பொதுப் பெயருக்கு வந்து சேர்ந்தது 2023-ல்! ஐபோனிலோ வெகுகாலம் வீடியோவுக்கு மட்டும்தான் முழுத்திரை.

குரோம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரவுசர் ஜன்னலைச் சுற்றி இருக்கும் சட்டம், பட்டை, பட்டன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தொழில் பாஷையில் ஒரு பெயர் உண்டு. குரோம்! காரின் பளபள ஓரங்களுக்குச் சொல்கிற அதே குரோம். 2008 செப்டம்பரில் கூகுள் வெளியிட்ட பிரவுசருக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். ஆனால், நோக்கம் என்னவோ அந்தச் சட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து இல்லாமல் செய்வதுதான். பக்கம்தான் முக்கியம், பட்டை அல்ல என்பது அவர்கள் கட்சி. அந்தத் திட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. கட்டியங்காரனை ஓரங்கட்டியதில் நம்மூர்க்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்று செல்லமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

சரி, பயந்தது நடந்ததா? வசதி வந்த ஒரே வருஷத்தில் நடந்தது. நல்லவேளை, முதலில் செய்து காட்டியவர் திருடன் இல்லை.

2012 அக்டோபர். ஸ்டான்ஃபோர்டில் படித்த ஃபெராஸ் அபூகதிஜே என்ற இளைஞர் ஒரு சோதனைப் பக்கம் தயாரித்தார். அதில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு ஒரு லிங்க். மௌஸை மேலே வைத்தால் சரியான முகவரிதான் தெரியும். க்ளிக் செய்தால் பேங்க் பக்கம் திறக்கும். மேலே அட்ரஸ் பார், பச்சைப் பூட்டு, எல்லாம் பக்கா. ஆனால், எல்லாமே படம்! க்ளிக் செய்த கணத்தில் பக்கம் முழுத்திரைக்குப் போய், பிரவுசரையும் அட்ரஸ் பாரையும் பூட்டையும் சேர்த்து வரைந்து காட்டியிருக்கிறது. நீங்கள் விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று பார்த்து அதற்கேற்ற மாதிரி வேஷம் வேறு.

பி.காம். ஆடிட்டிங் பாடத்தில் எங்களுக்கு வவுச்சிங் என்று ஒரு அத்தியாயம் உண்டு. கணக்கில் எழுதினதை நம்பாதே, வவுச்சரைக் கேள் என்பார் லெக்சரர். 'சரி சார், வவுச்சரே போலியா இருந்தா?' என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஃபெராஸ் செய்தது அதைத்தான். கட்டியங்காரனை இறக்கிவிட்டதோடு, கட்டியங்காரன் வேஷத்தில் தன் ஆளையே நிறுத்திவிட்டார்.

அந்தக் காலத்தில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பக்கம் முழுத்திரைக்குப் போனதும், 'அனுமதிக்கலாமா, வேண்டாமா?' என்று பட்டன் வைத்துக் கேட்டன. ஜனங்கள் படிக்காமலே 'அனுமதி'யை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் படிக்காத கேள்வியை எதற்குக் கேட்பானேன் என்று 2016 வாக்கில் கேள்வியை எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் முழுத்திரையில் இருக்கிறது, வெளியேற எஸ்கேப் என்று மேலே ஒரு வரி வரும். சில வினாடியில் மறைந்துவிடும். அவ்வளவுதான். அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தகவல் சொல்கிறவர்கள் ஆனார்கள். ஆங்கிலம் வேகமாகப் படிப்பவர்களுக்கு அது போதும். சைரன் அலற, சிங்க முத்திரை மிரட்ட, போளூர் வாத்தியார் அந்த வரியை எங்கே பார்ப்பார்?

நான் முழுத்திரைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மறுபக்கத்தை நம் நாட்டில்தான் நன்றாகப் பார்க்க முடியும்.

2014 ஆகஸ்ட்டில் இந்தியக் கடைகளுக்கு ஒரு செல்போன் வந்தது. இன்டெக்ஸ் க்ளவுட் எஃப்எக்ஸ். விலை 1,999 ரூபாய். கூடவே ஸ்பைஸ் நிறுவனத்தின் இன்னொரு போன், 2,299. இரண்டிலும் ஓடியது ஆண்ட்ராய்டு அல்ல, மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ். தமிழிலும் கிடைத்தது. அந்த போனில் டயல் பேட், காலண்டர், கேமரா எல்லாமே இணையப் பக்கங்கள்தான்! சட்டமும் பட்டையும் கழற்றப்பட்ட இணையப் பக்கங்கள். விலை குறைந்த போனில் கனமான மென்பொருளை ஏற்ற முடியாது. பிரவுசர் ஒன்றையே போனாக்கிவிட்டால் என்ன என்கிற யோசனை.

யோசனை நல்லது, போன் மெதுவானது. 2015 டிசம்பரில் மோசில்லா கடையைக் கட்டியது. ஆனால், அதன் நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற வகை. அதை எடுத்துத் தேய்த்து, பட்டன் போனுக்கு ஏற்ப மாற்றிக் காய் ஓ.எஸ். என்று ஒன்றைச் செய்தார்கள். 2017 ஜூலையில் ரிலையன்ஸ் அறிவித்த ஜியோபோனில் ஓடியது அதுதான். 1,500 ரூபாய் டெபாசிட், 2.4 அங்குலத் திரை. அடுத்த வருஷம் செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் வந்தது.

இரண்டரை அங்குலம் கூட இல்லாத திரையில் அட்ரஸ் பாரையும் வைத்தால் பக்கத்துக்கு இடமேது? அங்கே முழுத்திரை ஆடம்பரம் இல்லை, பிழைப்பு. முதன்முதலாக இன்டர்நெட்டை அந்தச் சின்னத் திரையில் பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்குத் தாங்கள் பார்ப்பது இணையப் பக்கம் என்றே தெரியாது. வந்தவர்கள் கம்பெனியின் ஆப் கடை வழியாக வந்தார்கள் என்பதால், வாசலிலேயே ஒரு சோதனை இருந்தது.

ஃப்ளிப்கார்ட் கதை இன்னும் சுவாரசியம். 2015-ல் அவர்களுக்கு ஆப் மோகம் தலைக்கேறியிருந்தது. போனில் பிரவுசர் வழியாக வந்தவர்களை, 'ஆப்பை இறக்கு' என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களுடைய மிந்த்ரா மே மாதம் வெப்சைட்டையே இழுத்து மூடியது. ஆனால், சின்ன போன்காரரிடம் ஆப்பை வைக்க இடமில்லை. 2ஜி-யில் அது இறங்குவதற்குள் விடிந்துவிடும். அதே வருஷம் நவம்பரில் ஃப்ளிப்கார்ட் லைட் வந்தது. இணையப் பக்கம்தான். ஆனால், போனின் முகப்பில் ஒரு ஐகானாக உட்கார்ந்துகொள்ளும். தொட்டால் அட்ரஸ் பார் இல்லாமல், ஆப் மாதிரியே திறக்கும். முன்பு சராசரியாக எழுபது வினாடி இருந்தவர்கள், மூன்றரை நிமிஷம் இருந்தார்கள் என்று கூகுள் பெருமையோடு வெளியிட்டது. மிந்த்ராவும் அடுத்த வருஷமே வெப்சைட்டை மறுபடி திறந்தது.

இதற்கென்றே ஒரு முறை உண்டு. அப்படிப்பட்ட பக்கம் ஒவ்வொன்றும் கையில் ஒரு சீட்டு கொண்டுவரும். எனக்கு முழுத்திரை வேண்டும், அல்லது அட்ரஸ் பார் மட்டும் இல்லாமல் இருந்தால் போதும், அல்லது குட்டிப் பட்டை இருக்கட்டும், அல்லது சாதாரணப் பிரவுசரே சரி என்று நான்கில் ஒன்றை அதில் எழுதியிருக்கும். முகப்பில் ஐகானாக வைத்துக்கொள்ள நீங்கள் சம்மதித்தால்தான் சீட்டு செல்லும். பழகின ஆள் வீட்டுக்குள் வருகிற மாதிரி. இது நியாயமாகப் படுகிறது எனக்கு.

இன்னொரு இடத்தில் முழுத்திரை வேறு அவதாரம் எடுத்தது. 2020 கொரோனா காலம். அண்ணா பல்கலைக்கழகம் அந்த செப்டம்பரில் இறுதி செமஸ்டர் மாணவர்களுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் தேர்வு வைத்தது. கேமரா கண்காணிக்கும். நாடு முழுக்க இப்படிப் பல தேர்வுகள். இந்த வகை மென்பொருள்களில் முழுத்திரையை விட்டு வெளியே வந்தாலே குற்றம், பதிவாகிவிடும். எந்த எஸ்கேப் விசையை நமக்கு உயிர்ச்சாவி என்று கொடுத்தார்களோ, அதையே தொட்டால் மார்க் போகும்! கரண்டு போனாலும், போன் வந்து திரை மாறினாலும் மாணவனுக்குப் பதைபதைப்பு. சிக்னல் தேடிப் பாறை மேலும் மரத்தின் மேலும் பிள்ளைகள் ஏறிய செய்திகள் அப்போது பத்திரிகைகளில் வந்தன, நினைவிருக்கிறதா?

எஸ்கேப் விசைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1960-ல் ஐ.பி.எம்.மில் இருந்த பாப் பீமர் யோசித்த குறியீடு அது. ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு எழுத்துமுறை வைத்திருந்த காலம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிப் போக ஒரு சைகை வேண்டியிருந்தது. 'இதுவரை படித்த பாஷையை விடு, வேறு பாஷைக்கு வா.' அதுதான் எஸ்கேப். பிற்பாடு அது, 'என்னை இங்கிருந்து விடு' என்கிற பட்டன் ஆகிவிட்டது.

அந்தப் பட்டனிலும் 2018-ல் கை வைத்தார்கள். முழுத்திரை விளையாட்டுகளில் எஸ்கேப்பை மெனுவுக்குப் பயன்படுத்துவது வழக்கம். அதனால் முழுத்திரையில் இருக்கும் பக்கம் விரும்பினால் எஸ்கேப்பையும் தன் வசம் எடுத்துக்கொள்ளலாம் என்று குரோம் அனுமதித்தது. மறுபடியும் ஒரு நியாயமான காரணம்! பதிலுக்கு ஒரே ஒரு காப்பு வைத்தார்கள்: விசையைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் வெளியே வந்துவிடலாம். சித்தப்பா ஒரு தட்டு தட்டியபோது ஒன்றும் ஆகாததற்கும், பிடித்தபோது திறந்ததற்கும் காரணம் இதுதான். கம்ப்யூட்டர் நிஜமாகவே பூட்டப்பட்டிருக்கிறது என்று ஆளை நம்பவைப்பது அந்த முதல் தட்டு தோற்கிற கணம்.

இந்த மோசடிக்குப் பின்னால் இருப்பவர்கள் ஏதோ ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஆறுதல்பட முடியாது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று வெளிநாட்டு முதியவர்களை மிரட்டும் கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே நடந்தன. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகாரையும் வைத்துக்கொண்டு 2023 அக்டோபரில் சி.பி.ஐ. நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டது. அங்கே ஒரு பாட்டி, இங்கே ஒரு வாத்தியார். மிரட்டுகிற முத்திரைதான் வேறு.

2025 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் தன் எட்ஜ் பிரவுசரில் ஒரு காவலாளியைச் சோதனைக்கு விட்டது. முழுத்திரைக்கு வந்த பக்கம் மோசடி மாதிரி இருக்கிறதா என்று கம்ப்யூட்டரே பார்த்து, சந்தேகம் வந்தால் முழுத்திரையைக் கலைத்து, சத்தத்தையும் நிறுத்தி, 'இது நிஜம்தானா, பாருங்கள்' என்று கேட்கும். 1997-ல் சாவியைக் கொடுத்த அதே கம்பெனி!

அன்று ராத்திரி சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கார்டை பேங்கில் சொல்லி நிறுத்திவைக்கச் சொன்னேன். பணம் ஏதாவது போயிருந்தால் 1930-க்கு உடனே போன் பண்ணவேண்டும், தாமதித்தால் பிடிக்க முடியாது என்று சொன்னேன். போகவில்லை. பூதக்கண்ணாடி புண்ணியம்.

போனை வைக்கும் முன் தயங்கினார். "சித்திகிட்ட சொல்லாத."

மறுவாரம் போளூர் போயிருந்தேன். சித்திக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சைரன் சத்தம் அடுப்படி வரை கேட்டதாம். லேப்டாப்பில் எஸ்கேப் விசையின் மேல் அவருடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று, சிவப்பாக ஒட்டியிருந்தது. சீரியலை முழுசாகப் பெரிதாக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்கள் இரண்டு பேரும்.